ரெண்டாம் ஆட்டம் விட்டு

மதுரை ரீகல் தியேட்டரில் அப்போதெல்லாம் பகலில் படம் கிடையாது. விக்டோரியா எட்வர்டு மன்றத்துக் கட்டடம் அது. பகலெல்லாம் வாசகசாலை, பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படம். பிரிட்டிஷ்காரர்களின் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் வந்துவிட்டால் மாமாவை வீட்டில் பார்க்க முடியாது. ரெண்டாம் ஆட்டம் விட்டு, யானைக்கல் வழியாக ஏ.வி. பாலம் ஏறி, கோரிப்பாளையம் வரை நடந்தே வருவார். மறுநாள் திண்ணையில் எங்களுக்குக் கதை. கொன்றது யார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லமாட்டார்.

"தமிழ்லயும் ஒண்ணு இருக்குடா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்த 'அந்த நாள்' ஒருநாள் டிவியில் வந்தது. ஏவி.எம். தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, 1954-ல் வெளியான படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல்! துப்பாக்கி வெடிக்கிறது, ராஜனாக வரும் சிவாஜி சரிகிறார். கதாநாயகன் எடுத்த எடுப்பிலேயே பிணம்.

பிறகு விசாரணை. சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன், எழுத்தும் அவருடையதே. பக்கத்து வீட்டு நாயுடு, தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி உஷா என்று ஒவ்வொருவர் வாயிலும் வேறொரு ராஜன். எல்லோரும் குரோசாவாவின் 'ராஷோமான்' பெயரைச் சொல்வார்கள். மாமா சொன்னது அந்தோணி ஆஸ்க்வித்தின் 1950-ம் வருடத்துப் பிரிட்டிஷ் படம், 'தி உமன் இன் கொஸ்டின்'. கொலையுண்ட குறிகாரி ஒருத்தியை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும் கதை. எனக்கும் அதுதான் நெருங்கிய உறவாகப் படுகிறது. ஆனால் 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நேரத்துப் பீதியை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்தது பாலசந்தர்தான். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழலே ஒரு சாட்சி மாதிரி நிற்கும்.

முதலில் படம் ஓடவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பாட்டில்லாமல் போனதற்காக அந்தப் படத்தை ஒதுக்கியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ரீகலில் அந்த இங்கிலீஷ் படங்கள் நின்றுபோயின. அதே ஊரில் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை.

அன்றைக்கு டிவி முன்னால் இருவருக்கும் நடந்த வழக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்த புருஷன். துப்பாக்கி உஷா கையில். "கை பதறி வெடிச்சதும்மா அது" என்றார் மாமா. "பதறவும் இல்ல, கிதறவும் இல்ல. மனசறிஞ்சுதான் சுட்டா" என்றார் அத்தை. உஷாவாக வரும் பண்டரிபாயின் முகத்தை இப்போது எத்தனை தடவை பார்த்தாலும் நான் அத்தை பக்கம்தான்.