கச்சான் எழும்புமுன்

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015இல்தான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அங்கே ஓர் அக்காவுடன் ஒருநாள் தூண்டில் போடச் சென்றேன்.

விடியற்காலை, சிறு தோணி. துடுப்பு அக்கா கையில். தண்ணீர் இறைப்பது என் வேலை. (நான் படித்த சமூகவியல் இதற்கு உதவவில்லை!) தங்கூசியில் இறால் துண்டைக் கோத்து, ஈயத்தோடு இறக்கினார். மீன் கடிப்பதை விரல்தான் சொல்லுமாம். இரண்டு விளைமீன் கிடைத்தன. ஒன்பது மணிக்கே தோணியைத் திருப்பிவிட்டார். கச்சான் எழும்பினால் வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும்.

பிறகு பாறையில் நின்று போட்டோம். ஒரு கலவாய் கல்லிடுக்கில் புகுந்து தங்கூசியை அறுத்துக்கொண்டு போனது.

கணவர் காணாமற்போன பின், "பொம்பிளை தோணியில ஏறினா மீன் படாது" என்றார்களாம்.

"பிள்ளையளுக்குப் பசிச்சுது தங்கச்சி, ஏறிட்டன்."

பெரிய மீனை விற்றார். சின்னது குழம்புக்கு.