டயரின் உள்ளோரம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறோம். சற்றே குனிவார்கள், கட்டைவிரலால் பள்ளத்தை அழுத்துவார்கள், "பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிமிர்ந்துவிடுவார்கள். அவர்கள் கண்டது டயரின் வெளிப்பாதி மட்டுமே. உள்பாதி வண்டியின் அடியில், இருட்டில், சேற்றுப்படிவோடு இருக்கிறது. அதைப் பார்க்கத் தரையில் படுக்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு வந்தவர் யாரும் படுப்பதில்லை.

எங்கள் தங்கை மகன் 2023-ஆம் ஆண்டு வாங்கிய ஹோண்டா சிவிக் காரின் பின்டயர்களும் வெளியே நன்றாகத்தான் இருந்தன. 2010-இல் பதிவான வண்டி. இந்தியாவில் அந்த மாதிரி 2006-இல் விற்பனைக்கு வந்தது, 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அக்காலத்து இளைஞர்கள் பலரின் கனவு. முந்தைய உரிமையாளர் வண்டியைத் தாழ்த்தியிருந்தார். அதாவது, நிறுவனம் போட்ட ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு நீளம் குறைந்தவற்றைப் பொருத்தி, உடற்பகுதியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீழே இறக்கியிருந்தார். மருமகனுக்கு அதுதான் அழகாகத் தோன்றியது. எங்கள் அம்மாவுக்கோ மூட்டுவலி. அந்தக் காரில் ஏறுவது பாயில் உட்காருவதுபோலவும், இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவதுபோலவும் இருப்பதாகச் சொல்வார்கள்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு திருமணம். குழந்தையோடு ஐந்து பேர் அந்தக் காரில் போய் வந்தோம். திரும்பும்போது சமயநல்லூருக்கு அருகே ஒரு பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார். எதுவும் பேசாமல் உள்ளோரத்தில் விரலை வைத்துக் காட்டினார். ரப்பர் முழுதும் தேய்ந்து கம்பிகள் வெளியே தெரிந்தன. மறுபக்கத்து டயரும் அவ்வாறே. நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளை முந்திக்கொண்டு வந்திருக்கிறோம். தங்கை குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னதைத் தவிர அந்த இடத்தில் யாரும் வேறொன்றும் பேசவில்லை.

விற்றவருக்கு இது தெரியுமா, தெரியாதா என்று நாங்கள் விசாரிக்கப் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்துவிட்ட பிறகு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதே அன்று முதல் எங்கள் பொறுப்பாயிற்று.

உள்ளோரம் மட்டும் ஏன் தேய்ந்தது? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புச் சட்டம் இணைத்திருக்கும். சிவிக்கில் அப்படியில்லை, ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். சக்கரத்தின் தலைப்பகுதியை ஒரு மேல் ஆர்மும், கால்பகுதியைக் கீழ் ஆர்மும் பிடித்திருக்கின்றன. மேல் ஆர்ம் குட்டையானது, கீழ் ஆர்ம் நீளமானது. வண்டியின் உடல் கீழே இறங்கும்போது இரண்டும் மேல்நோக்கிச் சுழல்கின்றன. குட்டைக் கயிற்றில் கட்டிய மாடு சிறு வட்டத்தில் சுற்றுவதுபோல, மேல் ஆர்மின் வட்டம் சிறியது. ஆகவே அது சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துவிடுகிறது. பின்னால் நின்று பார்த்தால் இரு சக்கரங்களும் ஓட்டுவீட்டுக் கூரைபோல ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்கும். இதைத்தான் நெகட்டிவ் கேம்பர் என்கிறார்கள். தாழ்த்தியதில் சக்கரங்கள் நேராக உருளும் திசையும், அதாவது டோ என்கிற அளவும், கலைந்துபோகிறது. சாய்ந்த சக்கரம் தேய்ப்பதைவிடத் திசை கோணிய சக்கரம் அதிகமாகத் தேய்க்கும். இரண்டும் சேர்ந்தால் உள்ளோரம் அரிவாள்மணையில் வைத்ததுபோலத்தான்.

பந்தயக்காரர்கள் இந்தச் சாய்வை விரும்பியே வைக்கிறார்கள் என்று மருமகன் எங்களிடம் வாதிட்டான். உண்மைதான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் வளைவுக்குப் பின் வளைவு வருகிறது. வளைவில் வண்டியின் உடல் வெளிப்பக்கம் சரியும்போது, முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்த வெளிச்சக்கரம் நிமிர்ந்து தரையை முழுதாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் பரவைக் காய்கறி மார்க்கெட்டிலிருந்து திண்டுக்கல் வரை எத்தனை வளைவு? நேர்சாலையில் அந்தச் சாய்வு டயரைத் தின்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. இதை அவனும் மறுக்கவில்லை.

டயர் மாற்றும் கடையில்தான் வேறொரு சோதனை காத்திருந்தது. கழற்றிய இரண்டு டயர்களையும் 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொன்னார்கள். "வெளிப்பக்கம் நல்லாத்தானே இருக்கு, ஊருக்குள்ள ஓடுற வண்டிக்குப் போட்டுரலாம்." மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட பெருமானார் அவர்கள், ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்ற பொருள்பட எச்சரித்தார்கள். நாங்கள் ஜும்ஆ பயான்களில் பல முறை கேட்ட நிகழ்ச்சி. ஆனால் அதை டயரோடு சேர்த்து எங்களில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். வெளியே பட்டன், உள்ளே கம்பி.

மருமகன் கடையில் ஒரு கத்தியை வாங்கி, இரண்டு டயர்களின் பக்கவாட்டையும் நீளமாகக் கிழித்த பிறகே அங்கே விட்டு வந்தான். கடைக்காரருக்குக் கோபம். 1,500 ரூபாயை வீணாக்குவதா என்று உடனிருந்த உறவினர் ஒருவரும் கடிந்துகொண்டார். அந்தத் தொகை எங்களுக்கும் சிறியதன்று. ஆயினும் அவன் செய்தது சரி என்றே நினைக்கிறோம்.

புதிய டயர் போட்டால் போதுமா? காரணம் அப்படியே இருக்கிறதே. ஸ்பிரிங்குகளைப் பழைய உயரத்துக்கு மாற்றிவிடு என்று தங்கையின் கணவர் சொன்னார். நோயை விட்டுவிட்டு, மருந்தின் பக்கவிளைவுக்கு வேறு மருந்து தேடுவதா என்பது அவர் கேள்வி. மருமகன் ஒரு தவணை கேட்டான். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய மேல் ஆர்ம்கள் விற்பனைக்கு உண்டு. மேல் ஆர்மைச் சற்று நீட்டினால் சக்கரத்தின் தலை வெளியே தள்ளப்பட்டு நிமிரும். தன் சம்பளத்தில் சேர்த்து ஒரு ஜோடி வாங்கினான்.

பொருத்தும் வேலையை நடத்திக் கொடுத்தவர் பரவையில் பல்லாண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். அவரிடம் கற்றவை ஏராளம். முதலில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவனைத் தம் பட்டறைக்குள்ளேயே அவர் விடமாட்டார். அடுத்து, கீழ் ஆர்முக்கு அடியில் இரண்டாவது ஜாக்கி. மேல் ஆர்மைக் கழற்றியவுடன் சக்கரத்தைத் தாங்கும் பகுதி தலை தொங்கிவிடும். பிரேக் ஹோஸ் அந்தப் பாரத்தைச் சுமக்கக் கூடாது. போல்ட்டுகள் பதினைந்து வருடத் துருவில் ஊறியிருந்தன. முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தும் ஒன்று அசையவில்லை. அதைச் சூடாக்கி, தட்டி, மீண்டும் எண்ணெய் விட்டு எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவசரப்பட்டு முறித்திருந்தால் அரை நாள் போயிருக்கும்.

பழைய ஆர்மையும் புதிய ஆர்மையும் அருகருகே தரையில் வைத்து, போல்ட் துளையிலிருந்து துளைவரை அளந்தோம். இருபக்கத்தையும் ஒரே நீளத்துக்கு வைத்துத் தொடங்கினோம். எவ்வளவு நீட்டினாலும், மரை போதிய அளவு உள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நுனி மரையில் நிற்கும் ஆர்ம் ஒரு நாள் பள்ளத்தில் கழன்றுவிடும்.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. போல்ட்டுகளை எல்லாம் மாட்டியாயிற்று. மருமகன் ஸ்பேனரை எடுத்து முழுமூச்சாக இறுக்கப் போனான்.

"தம்பி, நிறுத்து. வண்டி தொங்கும்போது இறுக்காதே. நிற்கும்போது இறுக்கு."

"ஏண்ணே, போல்ட் போல்ட்தானே?"

"போல்ட்டுக்கு ஒன்றுமில்லை. புஷ் செத்துப்போகும்."

ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழாய் ஒட்டப்பட்டிருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது அந்தக் குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். சக்கரம் காற்றில் தொங்கும் நிலையில் இறுக்கினால், அதுதான் தன் இயல்பு நிலை என்று ரப்பர் கொள்ளும். பிறகு வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே சுழல, ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஓய்வென்பதே இல்லாமல், சில மாதங்களில் கிழிந்துவிடும். எனவே ஒவ்வொரு பக்கமும் சக்கரத்தின் பாரத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டிலிருந்து வண்டி மெல்ல எழும்பும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே, டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு இறுக்கினார்.

இதற்கு நடுவில் அஸர் பாங்கு ஒலித்தது. ஒரு பக்கம் இறுக்கியாயிற்று, மறுபக்கம் கையால் மாட்டியதோடு நின்றது. தொழுகைக்குப் புறப்பட்ட எங்களை அவர் நிறுத்தினார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் தொழுகை நேரங்களை எங்களைவிட நன்றாக அறிந்தவர். ஓர் அட்டையில் சாக்பீஸால் "இடது இறுக்கவில்லை" என்று எழுதி ஸ்டீரிங்கில் கட்டினார். சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்கள் போய்விட்டு வாருங்கள். வேறு யாராவது நகர்த்திவிடக் கூடாது." அமானிதம் என்ற சொல் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீல் அலைன்மெண்ட் இல்லாமல் இந்த வேலை முடிவதில்லை. கேம்பரைத் திருத்தினால் டோ நகரும். டோவைத் திருத்திவிட்டு மீண்டும் கேம்பரைப் பார்க்க வேண்டும். முன்பு மூன்றரை டிகிரி சாய்ந்திருந்த சக்கரங்கள் ஒன்றரைக்கு வந்தன. லாக் நட்டுகளின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். கோடு பிசகினால் நட் நகர்ந்துவிட்டது என்று பொருள். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போய்ப் பார்த்தோம், பிசகவில்லை.

எனினும் மச்சானுடைய கேள்விக்கு ஆர்ம்கள் விடையாகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தது. சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். 2025-இல் புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும். அன்று மட்டும் ஸ்பிரிங்கை மாற்றிக் காட்டிவிட்டுப் பிறகு பழையபடி தாழ்த்திக்கொள்ளலாம் என்று நண்பர்கள் மருமகனுக்கு வழி சொன்னார்கள். பலர் அவ்வாறே செய்கிறார்களாம்.

இதுவும் குவியலின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதுதான் என்று நாங்கள் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. டயரைக் கிழித்தவன் அவன். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நிறுவனத்தின் அளவில் நான்கு ஸ்பிரிங்குகளை வாங்கிப் போட்டுவிட்டான். உயரம் கூடியதால் நீட்டி வைத்த மேல் ஆர்ம்களை மீண்டும் குறைக்க வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் சக்கரங்கள் இப்போது எதிர்ப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். மறுபடியும் அலைன்மெண்ட், மறுபடியும் வெள்ளைக் கோடு. ஆர்முக்குக் கொடுத்த பணம் வீண் என்றார் மச்சான். பழைய ஆர்ம்களின் புஷ் வெடித்திருந்ததை அவரே கையில் பிடித்துப் பார்த்தவர். ஆகவே முழுதும் வீண் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் அம்மா இப்போது முன்னிருக்கையில் தாமாகவே ஏறிக்கொள்கிறார்கள்.

கழற்றிய குட்டை ஸ்பிரிங்குகள் மொட்டைமாடியில் கிடக்கின்றன. அடுத்த தெருப் பையன் ஒருவன் நான்குக்கும் சேர்த்து 4,000 ரூபாய் தருவதாக இரண்டு முறை வந்து கேட்டுவிட்டான். அவனிடமும் ஒரு சிவிக் இருக்கிறது. குறையைச் சொல்லி விற்றால் விற்பனை நேர்மையானதுதான். ஆனால் அவன் கேட்பதே அந்தக் குறைக்காகத்தான். இரண்டு முறையும் மருமகன் அவனைப் படியேற்றி அழைத்துப் போய், ஸ்பிரிங்கைக் காட்டாமல், பிய்ந்த பழைய புஷ்ஷையும் தேய்ந்த டயரைப் பிடித்த புகைப்படத்தையும் காட்டி அனுப்பினான். அம்மா ஒரு ஸ்பிரிங்கின் மேல் மருதாணித் தொட்டியை வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றைப் பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.