டேங்குக்கு வராத தண்ணீர்

நவம்பர் 27, 2024

இன்றும் டிரையர் பாதியிலேயே நின்றுவிட்டது. டேங்க் நிறைந்துவிட்டதென்று விளக்கு எரிகிறது. உருவிப் பார்த்தால் டேங்கில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லை. டிரம்முக்குள் அம்மாவின் விரிப்புகள் சூடாக, ஈரமாக, புழுங்கிக் கிடக்கின்றன.

தீபாவளிக்கு முன்னால் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று சொல்ல முடியவில்லை. வெளியில் வெயில் இல்லை. தம்பி துபாயில் வீட்டைக் காலி செய்தபோது இந்த மெஷினையும் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தான். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றிப் பெரிய பாயிண்டில் மாட்டினோம். கை ஒடிந்துபோன நேரத்தில் இன்னொரு கை கிடைத்த மாதிரி இருந்தது.

எழுதி வைக்கிறேன். ராத்திரியில் எது எப்போது நடந்தது என்பதெல்லாம் கலந்துபோகிறது.

நவம்பர் 28

சர்வீஸுக்குப் போன் செய்தேன். வாஷிங் மெஷின் என்றால் வருவார்களாம், இது பழக்கமில்லையாம்.

நவம்பர் 29

தம்பி வீடியோவில் வந்து பொறுமையாகச் சொன்னான். டிரம்மில் சுற்றும் சூடான காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு கண்டென்சருக்குப் போகிறது. கண்டென்சரின் மறுபக்கம் அறைக் காற்று ஓடுவதால் அந்த ஈரம் குளிர்ந்து சொட்டுகிறது. சொட்டுவதெல்லாம் மெஷினின் அடியிலுள்ள சின்னக் குழியில் சேரும். அங்கிருந்து பம்ப் அதை மேலே இருக்கிற டேங்குக்குத் தள்ள வேண்டும். குழியில் ஒரு மிதவை உண்டு. தண்ணீர் ஏறினால் அது எழும்பி சுவிட்சைத் தட்டும், மெஷின் நின்றுவிடும்.

"அக்கா, விளக்குக்கு டேங்கும் ஒண்ணுதான், குழியும் ஒண்ணுதான். கீழே நிறைஞ்சாலும் அதே விளக்குதான் எரியும்" என்றான்.

அப்படியென்றால் தண்ணீர் இருக்கிறது, மேலே வரவில்லை. இது தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். பஞ்சு வலையைக் கழுவினேன். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் தண்ணீர் குழிக்குப் போகாதாம். அதன் காலைத் திருகி மட்டம் பார்த்தேன். மாற்றமில்லை.

நவம்பர் 30

புயலுக்கு ஃபெஞ்சல் என்று பேர். கரண்ட் இல்லை. அம்மா தூங்கவில்லை, நானும்தான்.

டிசம்பர் 2

திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டில் 7 பேர் சிக்கியிருக்கிறார்கள், அதில் குழந்தைகளும். சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணைக் கரை ஊர்கள் மிதக்கின்றன. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஈர விரிப்பை மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துக்கொண்டிருக்கிறேன்.

பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய் வந்தார். கார்த்திகைக்கு யானை வைத்த விளக்கு ஆர்டர் பாக்கி நிற்கிறது. மண்கூழை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர்தான் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். ஓரமாய் மண் படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சே நனைந்து கிடந்தால் எதை உறிஞ்சும்? நல்ல வெயிலில் ஒரே நாளில் மறுபடி ஊற்றுகிற அச்சு இப்போது மறுநாளும் ஈரமாகவே இருக்கிறதாம். காயாத விளக்கை அவசரப்பட்டுச் சூளையில் வைக்கவும் முடியாது. உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அம்மாவுக்குக் காதில் எல்லாம் விழுகிறது. "என்னாலதாண்டி உனக்கு இவ்வளவு துணி" என்றாள். வெடுக்கென்று, பேசாமல் படு என்றேன்.

டிசம்பர் 4

இன்று பிரித்துவிட்டோம். ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் வாஷிங் மெஷின் பார்க்கிற பையன் ஒருவன், "பார்த்ததில்லைக்கா, ஆனா பம்ப்புன்னா பம்ப்புதானே" என்று வந்தான். அந்த ஒரு வார்த்தைக்கே அவனுக்குக் கோடி நமஸ்காரம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்டென்சரை வெளியே இழுத்தான். அந்தப் பொந்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். அது நேராகக் குழிக்குத்தான் போகுமாம். மறுபடி எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டான். அடியில் உர்ரென்று சத்தம் கேட்டது, டேங்கில் ஒரு சொட்டும் விழவில்லை. "மோட்டாருக்கு உயிர் இருக்கு, சுத்தத்தான் மாட்டேங்குது."

பின்னால் திருகுகளைக் கழற்றிப் பம்பை வெளியே எடுத்தான். உள்ளே இருக்கிற சின்னச் சக்கரம் தெரியவே இல்லை. நூல் பிசிறும் வெள்ளையாக ஏதோ குழம்பும் சேர்ந்து அப்பியிருந்தது. மிதவையும் அதிலேயே ஒட்டி, எழும்பிய நிலையில் நின்றது. உப்புத் தண்ணீர்க் கறை என்றான் பையன். ஆனால் ஆவி குளிர்ந்து வருகிற தண்ணீரில் உப்பு ஏது?

அவர் அதில் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். வழவழவென்று இழுபட்டது. "நம்ம மண்ணு" என்றார்.

அவருடைய வேலைச் சட்டைகள்தான். தையலிலும் பாக்கெட் மூலையிலும் தங்குகிற பீங்கான் மண் துவைத்தும் முழுசாகப் போவதில்லை. காய்ந்ததும் மாவாகி, பஞ்சு வலையையும் தாண்டிக் குழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். ஹோஸை வாயால் ஊதிப் பார்த்தான் பையன். மாட்டி ஓடவிட்டதும் டேங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 6

விரிப்பு, துண்டு, நைட்டி எல்லாம் காய்ந்து அடுக்கியிருக்கின்றன. அவர் சட்டைகள் இனிக் கொடியில்தான். மெஷின் ஓடுகிற அறை நல்ல சூடாகிவிடுகிறது. அவர் அச்சுகள் சிலவற்றைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார். 50 டிகிரிக்கு மேல் போனால் பிளாஸ்டர் கெட்டுவிடும், இது அந்த அளவுக்குப் போகாது என்கிறார்.

டிசம்பர் 9

விரிப்பு குறைந்துவிட்டது. உடம்பு தேறுகிறது என்று நேற்றுத் தம்பியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

இன்று அம்மா படுக்கையை ஒட்டிய சுவரின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, மழைச் சாரல் படாத இடம். அடுத்த அறைதான் மெஷின் அறை என்பதால் அதன் ஹோஸ் ஒழுகுகிறதோ என்று பயந்து ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தேன். மெஷின் பக்கம் காய்ந்து கிடந்தது.

மத்தியானம் தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வந்தேன். அம்மா டம்ளரை ஜன்னல் கம்பி வழியே கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நடுங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "மெஷின் மறுபடி நின்னுடுச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்றாள்.

உதடு வெடித்திருக்கிறது. சிறுநீரில் நெடி அதிகம். இரண்டு நாளாக இதைத்தான் தேறுகிறது என்று நினைத்தேனா?

டிசம்பர் 10

டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது உள்ளே போக வேண்டுமாம்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். மறுபடியும் மழை. யானை விளக்கில் பாதி ஆர்டர்தான் போனது. மிச்சத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

அம்மா காலையில் இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவதற்கு வாயை இறுக்கிக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, காய்ந்த விரிப்புகளை அவள் கையில் கொடுத்து ஒவ்வொன்றாக மடிக்கச் சொன்னேன். மடித்தாள். டம்ளரை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

டிசம்பர் 14

பரிசோதனை முடிவு திங்கட்கிழமை வரும். பம்ப் தனியாகக் கிடைக்குமா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். அம்மா, மதியம் வரை ஒரு டம்ளர்.