பீர்க்கடை மாடியில் ஒரு ஜாகை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கத்தையும் கடந்தால் தண்டலம் வருகிறது. கல்லூரி பஸ்களும் தொழிற்சாலை பஸ்களும் போட்டி போட்டுக்கொண்டு புழுதி கிளப்பும் ஊர். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சமீபத்தில் பெரிய சர்ச்சை. அந்த வீட்டுப் பெண் ஒரகடத்தில் இஞ்சினீயர். கம்பெனி வேலையாக இங்கிலாந்து போகிறாள். அவளுக்கு ஏற்பாடாகியிருந்த ஜாகையோ ஒரு 'பப்'பின் மாடியறை!

"சாராயக் கடைக்கு மேலேயா என் பெண் தங்கவேண்டும்? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன்?" என்றார் தாயார்.

அந்த அம்மாளின் கவலையைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கமாட்டீர்கள். 1948 முதல் 1971 வரை மதுவிலக்கில் இருந்த ராஜ்யம் நம்முடையது. 2003 முதல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக்கே நடத்துகிறது. அந்தக் கடை வாசல் வந்தால் நீங்களும் நானும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறோம் அல்லவா? மதுக்கடை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது அந்த வாசல்தான்.

ஆனால் நான் அப்படிப்பட்ட ஒரு மாடியில் மூன்று இரவு தங்கியவள். ஆகவே வாசகிகளுக்கு நாலு வார்த்தை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

நான் தங்கிய ஊர் லெஸ்டர்ஷயரில் உள்ள லட்டர்வொர்த். ஒரே ஒரு பெரிய கடைத்தெரு, ஒரு பழைய மாதாகோவில். நம் ஒரகடத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெடிச் நகரம். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. 2013-ல் ஒரகடத்துத் தொழிற்சாலை வந்தது. 2017-ல் அந்தக் கம்பெனி லட்டர்வொர்த்துக்கு அருகே ப்ருண்டிங்தார்ப் என்ற கிராமத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் திறந்தது. அந்தக் காலத்தில் வண்டி அங்கிருந்து இங்கே வந்தது. இந்தக் காலத்தில் வண்டியைப் பற்றிய யோசனை இங்கிருந்து அங்கே போகிறது!

சரி, மாடிக்கு வருவோம். 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். ரயில் வராத காலத்தில் குதிரை வண்டிப் பிரயாணிகள் இரவில் இறங்கிய இடங்கள் இவற்றில் பல. கீழே சாப்பாடும் பானமும், மேலே படுக்கை, பின்னால் குதிரைக்குப் புல். லண்டன் ஸதக்கில் 1677-ல் கட்டிய 'ஜார்ஜ் இன்' என்ற விடுதி, மரத் தாழ்வாரங்களோடு இன்னும் நிற்கிறது. நம் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராமசாமி முதலியார் சத்திரத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு வித்தியாசம்: நம் சத்திரம் தர்மத்துக்கு; அவர்களுடையது காசுக்கு.

வாசலில் படம் எழுதிய பலகை தொங்கும்: சிவப்புச் சிங்கம், வெள்ளை மான், கிரீடம். ஏல் விற்கிறவர்கள் பலகை மாட்டியே தீரவேண்டும் என்று 1393-ல் இரண்டாம் ரிச்சர்டு அரசர் காலத்தில் சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் படம் புரியுமே!

அது என்ன ஏல்? குடிக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அந்தப் பண்டத்தின் கதை நம் சமையலறைக்குப் பக்கத்து வீடு. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, கொதிக்க வைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, ஈஸ்டால் புளிக்க வைக்கிறார்கள். பழைய முறை ஏல், கடையின் நிலவறைக்கு வந்த பிறகும் பீப்பாய்க்குள்ளேயே இன்னொரு தடவை புளிக்கிறது. நம் இட்லி மாவு மாதிரி அது உயிருள்ள சரக்கு! நிலவறையில் 11 முதல் 13 டிகிரி சூடு இருக்கவேண்டும். பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். இந்த வித்தை அழிந்துவிடக் கூடாது என்று 1971-ல் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். நம் சென்னையும் இதில் சம்பந்தப்பட்டதுதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பக்கத்து ஹாட்ஜ்சன் ஆலையின் பீப்பாய்கள் கப்பலேறி, இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காக வந்தன. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் பிற்பாடு அப்படித்தான் பிறந்தது.

இதையெல்லாம் விட எனக்கு ருசித்த செய்தி, மத்திய காலத்து இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள் என்பது. நாம் வடாம் போடுவது போல அவர்கள் ஏல் போட்டார்கள். பெரிய ஆலைகள் வந்தன. தொழில் ஆண்கள் கைக்குப் போயிற்று. அப்புறம் அதே பெண்ணுக்குக் கடையில் நிற்க இடமில்லை! பத்திரிகைக்காரர்கள் கூடும் லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற மதுக்கூடம் இருந்தது. பெண்கள் பின்னறையில் உட்கார்ந்தால்தான் அங்கே பானம்; முன்னால் நின்று கேட்டால் கிடையாது. டெஸ் கில் என்ற வக்கீலும் அன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1982, நேயர்களே! பெண்கள் இன்று அங்கே சகஜமாக உட்கார்ந்து பேசுவது ஆதிகாலத்து வழக்கமல்ல, வழக்காடிப் பெற்றது.

நான் கீழே இறங்கிய முதல் மாலை ஒரு பாட்டியம்மாள் ஜன்னலோரம் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு குடும்பம் குழந்தைகளோடு சாப்பிட்டுக் கொண்டிருந்தது. ஒரு நாய் கணப்பின் முன்னால் தூங்கியது. 2007 முதல் உள்ளே புகை பிடிக்கவும் தடை. கடைக்கார அம்மாள் என்னை "மி டக்" என்றாள். வாத்து! அந்தப் பக்கத்தில் அது "கண்ணு" என்பது போலச் செல்லச் சொல்லாம். எலுமிச்சைப் பானம் கேட்டேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. வெள்ளி, சனி இரவுகளில் கூச்சல் உண்டு, தலைக்கேறியவர்களும் உண்டு. இரவு பதினொரு மணி சுமாருக்குக் "கடைசி ஆர்டர்" என்று மணி அடித்தார்கள். அதுவரை பாட்டும் சிரிப்பும் தரைப் பலகை வழியாக என் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்தன. ஆகவே அறை கேட்கும்போதே, மதுக்கூடத்துக்கு நேர் மேலே வேண்டாம், பின்பக்கம் வேண்டும் என்று கேளுங்கள். மாடிக்குத் தனி வாசல் உண்டா, குளியலறை அறையோடு சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள். தண்டலத்து அம்மாளுக்கும் இதைத்தான் சொன்னேன். தனி வாசல் இருந்தால் மதுக்கூடத்துக்குள் நுழையாமலே போய்வரலாம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டில் "ஹோட்டல்" என்று மட்டும்தான் சொல்லப் போகிறாராம்! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தங்க வரும் கொரியா தேசத்து இஞ்சினீயர்களின் தாய்மார்கள் நம் ஊரைப் பற்றி என்னென்ன விசாரிக்கிறார்களோ?

சாப்பாட்டு விஷயம். மேஜைக்கு ஆள் வரும் என்று காத்திருந்தால் பட்டினிதான். நாமே முன்னால் போய்ச் சொல்லிப் பணம் கட்டவேண்டும். சமையலறை ஒன்பது மணிக்கே மூடிவிடலாம். காலை ஆகாரத்தில் ரொட்டி, வேகவைத்த பீன்ஸ், காளான், தக்காளி எல்லாம் கிடைக்கும். சைவக்காரர்கள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். 'பிளாக் புட்டிங்' என்ற பெயரைப் பார்த்து இனிப்பென்று மயங்கிவிடாதீர்கள். அது பன்றி ரத்தத்தில் செய்தது. அறையில் கெட்டிலும் தேயிலைப் பொட்டலமும் வைத்திருப்பார்கள். காப்பிப் பொடி மட்டும் நம் ஊரிலிருந்து கொண்டுபோவது உத்தமம். பெட்டி சிறியதாக இருக்கட்டும். மாடிப்படி குறுகலானது, செங்குத்தானது, லிஃப்ட் கிடையாது.