மலையேறி வரும் கெம்போங்

கெம்போங் வெதுவெதுப்பான கடலின் மீன். மேல்மட்ட நீர் 17 டிகிரி செல்சியசுக்குக் குறையாத கடல்களில்தான் அது வாழ்கிறது. எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் பல இரவுகளில் காற்றே அதைவிடக் குளிர்ந்துவிடும். ஆனாலும் எனக்குத் தெரிந்த வீடுகளில் அதிகம் வேகிற கடல் மீன் இதுதான். விலை கட்டுப்படியாகும், முள்ளும் அவ்வளவாகத் தொல்லை தராது. சம்பல் அடைத்துப் பொரித்தாலும் சரி, புளி கரைத்துக் குழம்பு வைத்தாலும் சரி, இன்னொரு அகப்பை சோறு கேட்கும்.

தமிழ்நாட்டில் சென்னைப் பக்கம் கானாங்கெளுத்தி என்பார்கள், குமரிப் பக்கம் அயிலை என்பார்கள். அயிலை இட்ட புளிக்குழம்பு அகநானூற்றின் 60-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. இங்கே தோட்டத்து வீடுகளிலும் மலாய்ப் பெயர்தான் நிலைத்துவிட்டது.

கடைக்காரரின் தட்டில் கிடக்கும்போது இதற்கு ஒரு சிறப்பும் தெரியாது. வாயைத் திறந்து பாருங்கள். செவுள் வளைவுகளிலிருந்து நீண்ட, மெல்லிய முட்கள் நெருக்கமாக உள்ளே நீட்டி நிற்கும். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் சல்லடையின் வேலைதான் அவற்றுக்கும். மீன்கள் கூட்டமாக, வாயை அகலத் திறந்தபடி நீந்தும். உள்ளே போன நீர் செவுள் வழியே வெளியேற, அதில் மிதந்த நுண்ணுயிர்கள் தங்கிவிடும். குஞ்சாக இருக்கையில் நுண்பாசியும் மிகச் சிறிய உயிரிகளும் தீனி. வளர வளர இறால் குஞ்சு, மீன் குஞ்சு என்று ருசி மாறுகிறது. அப்போது உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் குடலும் குறுகிவருகிறது. பாசியைச் செரிக்கத்தான் நீண்ட குடல் வேண்டும். தீனி மாறும்போது வயிற்றின் அமைப்பும் கூடவே மாறும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு வியப்பு தீருவதில்லை. வளர்ந்த மீன் 25 சென்டிமீட்டர் இருக்கும், 35 என்பது அபூர்வம். சந்தையில் சற்றுக் குட்டையாக, அகலமாக வருவது வயதில் இளையது என்று நினைக்காதீர்கள், அது வேறோர் இனம்.

இப்போது சிம்பாங் பூலாய் சாலை இருப்பதால் பேராக் கரையோரத்து மீன் ஈப்போ பக்கமிருந்து நேரே எங்கள் ஊருக்கு ஏறிவிடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் அந்தச் சாலை வருமுன் தாப்பாவில் மலையேறி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் கடந்து கடைசியாகத்தான் இங்கே வந்து சேர வேண்டும். மற்ற ஊர்கள் பொறுக்கியெடுத்த மிச்சம் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அன்றைக்குத் தோட்டத்துச் சனம் கருவாட்டை நம்பியது புத்திசாலித்தனம்.

ஏனென்றால் கெம்போங், சூரை மீனின் குடும்பம். இந்தக் குடும்பத்தின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் செத்தபின் குளிர் தவறினால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். அதைத் தின்றால் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். பலர் இதை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வாமைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஹிஸ்டமின் ஒருமுறை சேர்ந்துவிட்டால் பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. மீன் நாறியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

குளிர் ஊர்தானே என்று மீன் பையைச் சமையலறை மேசையில் மாலைவரை விட்டுவைக்கும் பழக்கம் இங்கே உண்டு. எனக்கு இது அசட்டுத் துணிச்சலாகப் படுகிறது. பகலில் 20 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மீனுக்கு வேண்டியதோ 4 டிகிரிக்குக் கீழ். போர்வை கேட்கும் குளிரெல்லாம் நமக்குத்தான், பாக்டீரியாவுக்கு அது இதமான வானிலை.

ஆகவே மீன் வேன் வந்து நின்றால் முதலில் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் செவுளின் சிவப்பைப் பாருங்கள், வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியில் வையுங்கள். சாப்பிடும்போது குழம்பில் போடாத காரம் நாக்கில் சுரீரென்று ஏறினால், காசு போனால் போகட்டும், சட்டியோடு கொட்டிவிடுங்கள்.