ஏலாக்குறிச்சி வழியில் சில சம்பங்கிப் பூக்கள்

பெரம்பலூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்குச் செல்வோர் நேரே அரியலூரை அடைந்து, அங்கிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தின் வடகரைக்குச் செல்வதே வழக்கம். கடந்த ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவுக்கு முந்தின வாரத்தில், அத்திருத்தலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தியானம் நடத்தப் புறப்பட்ட நாம், ஆவல் மிகுதியால் சாத்தனூருக்குச் சுற்றிக்கொண்டு சென்றோம். பதினெட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் அங்கே ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகறியச் செய்தது அது. பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென்றும், பூக்கும் தாவரங்கள் தோன்றிப் பரவுமுன் செழித்திருந்த ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்ததென்றும் கூறுகிறார்கள். அன்று இந்நிலம் கடலோரமாய் இருந்தது. பூ என்பதையே காணாத அம்மரத்தினருகே ஒரு மணி நேரம் நின்று வியந்தோம்.

அந்த ஒரு மணி நேரமும், பீடத்துக்கென்று திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து முந்தின நாள் வாங்கிவந்த ரோஜாக் கட்டு, வைகாசி வெயிலில் மூடிய வண்டிக்குள் வெந்துகொண்டிருந்தது என்பதை நாம் நினைக்கவேயில்லை.

அரியலூரைத் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் லாரிகளும் வெண்புழுதியுந்தான். திருமானூரை நெருங்க நெருங்க வயலும் வாழையும் தென்பட, கண் குளிர்கிறது. ஏலாக்குறிச்சியில் இறங்கி அடைக்கல அன்னையை வணங்கிவிட்டு மேலே சென்றோம். இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழரானவர் வீரமாமுனிவர். இவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவரும் அவரே. தம் பெருங்காப்பியத்துக்கு அவர் இட்ட ‘தேம்பாவணி’ என்னும் பெயருக்கு வாடாத மாலை என்றும் பொருளுண்டு. வாடும் மாலைகளைப் பற்றி அடுத்த மூன்று நாள்களில் நாம் கற்றுக்கொள்ளப் போவதை அப்போது அறியோம்.

வியாழன் மாலை, சிற்றாலயத்தின் பீடத்தருகே நம் ரோஜாக்களைக் கண்ணாடிச் சாடியில் அழகுற வைத்தோம். சிறிது நேரத்தில் மூதாட்டி ஒருவர் சம்பங்கித் தண்டுகள் சிலவற்றைத் தண்ணீர் வாளியோடு தூக்கிவந்தார். பழைய செப்புச் செம்பொன்றில் அவற்றை வைத்து, சுவரோரமாக, விசிறிக் காற்றும் மெழுகுவர்த்திச் சூடும் எட்டாத மூலையில் நிறுத்தினார். பாதிக்குமேல் மொட்டாகவே இருந்தன. மலராத பூவைக் கொண்டுவந்திருக்கிறாரே என்று நாம் மனத்துக்குள் நகைத்தோம்.

வெள்ளி காலையில் நம் ரோஜாக்கள் அனைத்தும் கழுத்து ஒடிந்து தலை கவிழ்ந்து நின்றன. சம்பங்கியோ மேலும் இரண்டடுக்கு மலர்ந்து ஆலயம் முழுவதும் மணந்தது.

“சாமி, உங்க பூவுக்குத் தாகம். நேத்து முழுக்கத் தண்ணியே பார்க்காம வந்திருக்கு” என்றார் அம்மூதாட்டி.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தண்டினுள் மயிரினும் மெல்லிய குழாய்கள் உள்ளன. அறுத்த தண்டு நீரின்றி இருக்குந்தோறும் அக்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. பிறகு கழுத்தளவு நீரில் நிறுத்தினாலும் அது குடிக்க இயலாது. அடைப்பை நீக்க, தண்டின் அடியை நீருக்குள் அமிழ்த்தியபடியே இரண்டு விரற்கடை சாய்வாக அறுத்துவிட வேண்டும். அம்மூதாட்டி அரிவாள்மணையில் அறுப்பதில்லை, தண்டு நசுங்குமாம். கூரிய கத்தியால் வெயில் தாழ்ந்தபின், அல்லது விடியுமுன், செடி நீருண்டு நிமிர்ந்திருக்கும் வேளையில் அறுக்கிறார். அடிப்பூ இரண்டு மூன்று விரிந்ததும் அறுத்தால், மற்றவை சாடியில் ஒவ்வொன்றாய் மலரும். மாலைக்கு ஒற்றையடுக்குச் சம்பங்கி, சாடிக்கு அடுக்குச் சம்பங்கி என்பது அவர் கணக்கு. மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடி இது என்று நாம் சொன்னபோது அவர் நம்பவேயில்லை.

மொட்டாக அறுப்பது உலகெங்குமுள்ள வழக்கமே. ஐரோப்பாவில் பியோனி என்றொரு மலருண்டு. உள்ளங்கை நிறையும் அளவில் அடுக்கடுக்காய் விரியும். தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டிப் பூப்பதால் ஜெர்மானியர் அதைப் பெந்தெகொஸ்தே ரோஜா என்றே அழைக்கின்றனர். மொட்டை விரலால் மெல்ல அழுத்தினால் பஞ்சுபோல் நெகிழவேண்டும், அதுவே அறுக்கும் பருவம். முன்னரே அறுத்தால் மலராது. முழுதும் விரிந்தபின் அறுத்தாலோ விரைவிலேயே இதழ் உதிரும். குளிர்காலத்தின் கடுங்குளிர் இல்லாமல் பூக்காத செடியாதலால், நம் பெரம்பலூர்க் கரிசலில் அதைக் காண வழியில்லை.

செப்புச் செம்புக்கும் காரணம் உண்டு. நீரில் பெருகும் கிருமிகள் தண்டின் வாயை அடைக்கின்றன. செம்பு அவற்றைத் தடுக்கிறது. கண்ணாடிச் சாடியானால் நீரை நாள்தோறும் மாற்றி, சாடியையும் தேய்த்துக் கழுவவேண்டும். நீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிடுதல் அவசியம், அழுகி நாறுவன அவையே. ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும், அதே அளவு எலுமிச்சைச் சாறும், துணி வெளுக்கும் நீர்மத்தில் சில துளிகளும் சேர்த்தால் பூவுக்கு உணவும் கிடைக்கும், கிருமியும் அடங்கும். வெறும் சர்க்கரை மட்டும் இடுவது கிருமிக்கு விருந்து வைப்பதாகும். திருவிழாவில் பழுத்த வாழைத்தாரைப் பூச்சாடியை ஒட்டிக் கட்டுகிறார்களே, அதுவும் ஆகாது. பழுக்கும் கனியிலிருந்து வரும் எத்திலீன் என்னும் வாயு மலரை விரைவில் முதுமையடையச் செய்யும்.

இதையெல்லாம் கேட்டறிந்தும் படித்தறிந்தும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் பங்கில் ஒரு மூதாட்டி சனிக்கிழமைதோறும் தம் வீட்டுக் கொல்லையிலிருந்து ரோஜாவும் செவ்வந்தியும் கொண்டுவருவார். நண்பகலில் பறித்து மடியில் கட்டி நடந்துவருவதால் மறுநாள் திருப்பலிக்குள் அவை துவண்டுவிடும். சாடி நீரும் நாறும். ஈராண்டுகளுக்கு முன் நாம் பிளாஸ்டிக் மலர்களை வாங்கிவைத்து, “இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம், அம்மா” என்று கூறிவிட்டோம். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் முன்வரிசையில் அமர்வதை விட்டுவிட்டார். பூவை எப்போது அறுப்பது என்று அவரிடம் ஒரு சொல் பேச நமக்குத் தோன்றாமற்போயிற்று. தோன்றியிருந்தாலும், அன்று நமக்கே தெரியாது.

மூன்றாம் நாள் தியானம் முடிந்து நாம் புறப்படும்போதும் அச்செம்பில் சம்பங்கி நின்றது. கீழ்ப்பூக்கள் சில வாடியிருந்தன. அவற்றை மூதாட்டி கிள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் பிளாஸ்டிக் மலர்களை அட்டைப்பெட்டியில் இட்டு அறையில் வைத்துவிட்டு, நம் பங்கின் மூதாட்டி இல்லம் சென்றோம். கொல்லையில் பாதி, மகனின் மோட்டார் சைக்கிளுக்குக் கொட்டகையாகியிருந்தது. செவ்வந்திப் பாத்தி இல்லை. கிணற்றடியில் இரண்டே ரோஜாச் செடிகள் எஞ்சியிருந்தன. நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சனிக்கிழமை மத்தியானம் பறிச்சு வைக்கிறேன், சாமி. ஆளை அனுப்புங்க” என்றார்.

“மத்தியானம் வேண்டாம், அம்மா. வெயில் தாழட்டும். ஐந்தரை மணிக்கு நாமே வாளியோடு வருகிறோம்” என்றோம்.