ஈயம் ஏற்றி வந்த வண்டி

தீபாவளிச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போவதென்றால் எதில் போவீர்கள்? பஸ்ஸிலா, காரிலா? இந்த முறை பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் டெம்ப்ளர் நிலையத்தில் கொமுட்டர் வண்டி ஏறிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் பெரியவர்கள் 'கம்பிச் சடக்கு' என்பார்களே, சிலாங்கூரில் போட்ட முதல் கம்பிச் சடக்கு அதுதான். அது ஆட்களுக்காகப் போட்டதல்ல, ஈயத்துக்காகப் போட்டது!

அந்தக் காலத்தில் கோலாலம்பூரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஈயச் சுரங்கங்கள். தோண்டி எடுத்த ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு போவதுதான் பெரும்பாடு. டாமன்சாரா துறை வரை மாட்டு வண்டி, அதற்குமேல் கிள்ளான் ஆற்றில் படகு. மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும். சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், ரயில் போட்டே தீரவேண்டும் என்று நின்றார். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை சுமார் 31 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. 1890-ல் ஆற்றின் குறுக்கே கன்னாட் பாலம் வந்தபின்தான் வண்டி கிள்ளான் பட்டணத்துக்குள் நுழைந்தது. 1899-ல் பாதை போர்ட் சுவெட்டன்ஹாம் வரை நீண்டது. 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம் அதுதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் வண்டி ஏறிய பெட்டாலிங் ஜெயா, 1950-களின் தொடக்கம் வரை எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டம், 1,200 ஏக்கர். செத்தியா ஜெயா நிலையத்துக்கு அருகே இருக்கும் சன்வே, பழைய ஈயச் சுரங்க நிலம். சுபாங் ஜெயா, சீஃபீல்டு தோட்டம். ஈயமும் பாலும் வந்த மண்ணில்தான் இன்று கடைகளும் மாடி வீடுகளும் நிற்கின்றன. நம் தாத்தா பாட்டிமார் பலர் கப்பலை விட்டு இறங்கியதும் இந்தப் பாதை முடியும் துறைமுகத்தில்தான்.

சென்ற மாதம் நான் போனபோது எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பாலத்தில் வண்டி ஏறியதும் கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பா இந்த லைன்லே கேங் வேலை தம்பி. விடியறதுக்கு முன்னே சுத்தியலைத் தோளிலே போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாரு. ஒவ்வொரு ஆணியாத் தட்டிப் பார்த்துக்கிட்டே நடப்பாரு. ஆனா, அவரு டிக்கெட் வாங்கி இந்த வண்டியிலே உட்கார்ந்து போய் நான் பார்த்ததே இல்லே."

அதற்குப் பிறகு கிள்ளான் வரும்வரை நான் எதுவும் பேசவில்லை.

சுரங்கத்துக்காகப் பிறந்த ரயில்கள் வேறு நாடுகளிலும் உண்டு. வேல்ஸில் தாலிலின் என்ற சின்னஞ்சிறு பாதை, கூரைக்குப் போடும் சிலேட்டுக் கல்லை ஏற்றிவர 1860-களில் போடப்பட்டது. 1946-ல் கல் சுரங்கம் மூடப்பட்டது. ரயிலும் போய்விடும் என்றிருந்த நேரத்தில், ரயில் பிரியர்கள் ஒன்றுகூடிச் சம்பளமில்லாமல் உழைத்து 1951-லிருந்து அதை ஓட்டி வருகிறார்கள். அன்றைய நீராவி எஞ்சின்கள் இரண்டும் இன்னும் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே உல்லாசப் பயணிகள் போகிறார்கள்.

நம் நாட்டிலோ 1885 ஜூன் 1-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் ரயிலின் தண்டவாளமே இன்று இல்லை. அதுவும் ஈயத்துக்காகப் போட்ட பாதைதான். கோலா செப்பெத்தாங் என்று பெயர் மாறிவிட்ட அந்த ஊரில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் நம் தமிழ் எழுத்தும் இருக்கிறது!

கிள்ளான் பாதைக்கு அந்தக் கதி வரவில்லை. 1995 முதல் மின்சார வண்டி ஓடுகிறது; தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். பாதை பிழைத்துவிட்டது. அதில் தண்டவாளம் சுமந்தவர்கள், கொடி காட்டியவர்கள், கிராணிகளாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் இருந்தவர்கள் கதைதான் மறைந்துகொண்டு வருகிறது.

உங்கள் வீட்டிலும் ரயில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கலாம். எந்த ஸ்டேசன், எந்த வருடம், என்ன சம்பளம் என்று இன்றே கேளுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரையும் டிக்கெட் வாங்கி வண்டியில் ஏற்றுங்கள். ஜன்னலோர இடம் அவருக்கே கொடுங்கள். கிள்ளான் ரயிலடியில் இறங்கினால் தெங்கு கிளானா சாலைக் கடைகள் நடந்து போகும் தூரம்தான்.